லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்': முதல் பாட்டுக்கு அப்புறம் என்ன இருக்கிறது?

கேள்வி, ஜனவரி 4

ஜாஸ் புதிதாகக் கேட்பவன். யாரோ போட்ட பட்டியலைப் பார்த்து ட்ரம்பெட்காரர் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' தட்டைக் கேட்டேன். முதல் பாட்டு சூப்பர், கால் தானாகத் தாளம் போடுகிறது. அதற்கப்புறம் வரும் நான்கும் எனக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டு, பிறகு ஆளுக்கொரு வாசிப்பு, திரும்ப அதே மெட்டு, முடிந்தது. ஒரே ஒரு ஹிட்டுக்காகத்தான் இந்தத் தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 4, இரவு

ஆமாம், அந்த ஒரு பாட்டுக்காகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் ஆடுகிறவர்களில் பலர் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்கள் இல்லை. தம்பி, ஒன்று செய்யுங்கள். முதல் பாட்டை ஒரு வாரம் தொடாதீர்கள். 'கேரிஸ் நோட்புக்', 'பாய், வாட் எ நைட்', 'ஹோக்கஸ் போக்கஸ்', இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள். அப்புறம் 'டோட்டம் போல்'. அசல் இசைத்தட்டில் இரண்டாம் பக்கம் முழுக்க அந்த மூன்றுதான். போனில் கேட்பவர்களுக்குப் பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது, அதனால் எல்லாரும் ஹிட்டில் ஏறி ஹிட்டிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

விரிவாக நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 5

முதலில் யார், எப்போது, எங்கே. 1963 டிசம்பர் 21. நியூ ஜெர்சியில் எங்கில்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. ஒரே நாளில் ஐந்து பாட்டு, ஐந்தும் மார்கனே எழுதியவை. ட்ரம்பெட் மார்கன், டெனர் சாக்ஸபோன் ஜோ ஹெண்டர்சன், பியானோ பாரி ஹாரிஸ், பேஸ் பாப் கிரான்ஷா, டிரம்ஸ் பில்லி ஹிக்கின்ஸ். கம்பெனி ப்ளூ நோட், தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் லயன்.

மார்கனுக்கு அப்போது வயது 25. பிலடெல்பியாக்காரர். 18 வயதில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய பேண்டில் இடம், அதே வருடம் தன் பெயரிலேயே முதல் தட்டு. 19 வயதில் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்'. 20 வயதில் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸோடு 'மோனின்'. மற்றவர்கள் ஸ்கேல் பழகிக்கொண்டிருக்கும் வயதில் இந்த ஆள் வரலாற்றில் ஏறிவிட்டார்.

அப்புறம் ஹெராயின். 1961-ல் பிளேக்கியை விட்டு விலகி ஊருக்குத் திரும்பினார். கொஞ்ச காலம் ஆளே கண்ணில் படவில்லை. 1963 கடைசியில்தான் மறுபடி ஸ்டுடியோக்களில் தலைகாட்டுகிறார். முதலில் சாக்ஸபோன்காரர் ஹேங்க் மோப்லியின் 'நோ ரூம் ஃபார் ஸ்குவேர்ஸ்', அப்புறம் நவம்பர் 21 அன்று டிராம்போன்காரர் கிராச்சன் மொங்கரின் 'எவல்யூஷன்'. மறுநாள்தான் கென்னடி சுடப்பட்டார்.

இந்த 'எவல்யூஷன்' தட்டைத்தான் சைட்வைண்டரை 'எளிய இசை' என்று ஒதுக்குகிறவர்கள் கேட்க வேண்டும். அதில் காலைத் தட்டிக்கொண்டு கேட்கவே முடியாது. நீண்டு தொங்கும் ஸ்வரங்கள், எங்கே போகிறது என்று தெரியாத மெட்டுகள், டிரம்ஸில் 17 வயது டோனி வில்லியம்ஸ். பேஸ் அதே பாப் கிரான்ஷா. அங்கே வாசித்துவிட்டுச் சரியாக ஒரு மாதத்தில் அதே ட்ரம்பெட்டும் அதே பேஸும் வந்து சைட்வைண்டர் வாசிக்கின்றன. அவருக்கு இரண்டும் வரும். அன்றைக்கு இதை வாசிக்கத் தோன்றியிருக்கிறது, வாசித்தார்.

ஜனவரி 5, கொஞ்ச நேரம் கழித்து

மேலே ஒருவர் "வான் கெல்டரின் அப்பா அம்மா வீட்டு ஹாலில்தானே இதைப் பதிவு செய்தார்கள்" என்று கேட்டிருக்கிறார். இல்லை சார், அது ஹேக்கன்சாக். வான் கெல்டர் பகலில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் தொழில் செய்துகொண்டு, வீட்டு ஹாலில் ஜாஸ் பதிவு செய்த காலம். 'ப்ளூ ட்ரெய்ன்', 'மோனின்' எல்லாம் அந்த ஹாலில் பிறந்தவை. 1959-ல் எங்கில்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டுடியோ கட்டிக்கொண்டு, கண்ணாடித் தொழிலை விட்டுவிட்டார். உள்ளே போனால் மரக்கூரை உயரமாக எழும்பி நிற்கும், தேவாலயம் மாதிரி இருக்கும் என்பார்கள். சைட்வைண்டரில் ட்ரம்பெட் பக்கத்தில் நின்று ஊதுவது போலவும், அதே சமயம் சுற்றிலும் காற்று இருப்பது போலவும் கேட்கிறதே, அதில் அந்தக் கூரைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பியானோவை மட்டும் வான் கெல்டர் ஏன் பெட்டிக்குள் போட்டு மூடியது போலப் பதிவு செய்தார் என்ற சண்டை ஐம்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. நான் அதில் இறங்கவில்லை.

ஜனவரி 6

"எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது" என்ற புகாருக்கு வருகிறேன். தம்பி சொல்வது நியாயமான புகார். ஹார்ட் பாப்பில் (இந்தத் தட்டு சேர்ந்த ஜாஸ் வகை) சட்டகம் பெரும்பாலும் ஒன்றுதான்: மெட்டு, வரிசையாக ஸோலோக்கள் (ஆளுக்கொரு தனி வாசிப்பு), மெட்டு. சட்டகத்தை மட்டும் கவனித்தால் இந்த வகையில் எல்லாத் தட்டும் ஒரே தட்டுதான்.

எண்ணிப் பாருங்கள். நிஜமாகவே விரல் விட்டு. சாதாரண ப்ளூஸ் ஒரு சுற்றுக்கு 12 பார். ஒரு பாருக்கு நாலு தாளத் தட்டு. 'தி சைட்வைண்டர்' பாட்டில் அதை இரட்டிப்பாக்கி 24 பார் ஆக்கியிருக்கிறார். 96 தட்டு ஆனதும் ஒரு சுற்று முடிந்து மறுபடி தலைக்கு வரும். மார்கன் ஸோலோ வாசிக்கும்போது அந்தச் சுற்று எங்கே முடிகிறது என்று பிடியுங்கள். முதலில் தவறும். சுற்றைப் பிடித்துவிட்டால் அவர் செய்கிற குறும்பு தெரியும். ஒரு வாக்கியத்தைச் சுற்று முடிகிற இடத்தில் முடிக்காமல் இழுத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குள் போய் வைப்பார். சில இடங்களில் சும்மா இருப்பார். பியானோவும் பேஸும் அந்த வட்டமான அடியைப் போட்டுக்கொண்டே இருக்கும், ஆள் பேச மாட்டார். அந்த நிறுத்தங்களுக்காகவே நான் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த அடியைப் போடும் பாரி ஹாரிஸ், டெட்ராய்ட்டிலிருந்து வந்த பரம பீபாப் (ஹார்ட் பாப்புக்கு முந்தைய ஜாஸ் பாணி) ஆசாமி. பட் பவல், தெலோனியஸ் மங்க் என்றால் உயிர். வாழ்நாள் முழுக்க அந்தப் பள்ளியையே நியூயார்க்கில் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தார், 2021 டிசம்பரில் இறக்கும் வரை. அவரைக் கூப்பிட்டு, 'இந்த ஒரே அடியைப் பத்து நிமிடம் போடு' என்று உட்கார வைத்திருக்கிறார்கள். முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன். ஆனால் கேளுங்கள், எவ்வளவு ஒழுங்காகப் போட்டிருக்கிறார்!

டிரம்ஸில் இருக்கிற பில்லி ஹிக்கின்ஸ் அதைவிட வேடிக்கை. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர். 1959-ல் ஆர்னெட் கோல்மன் தன் கட்டற்ற வாசிப்பால் ஜாஸ் உலகத்தையே இரண்டாகப் பிளந்தபோது பின்னால் உட்கார்ந்து வாசித்தவர் இவர்தான். அந்த ஆள் இங்கே டான்ஸ் ஹாலுக்கு ஏற்ற பூகலூ தாளம் போடுகிறார். ஓங்கி அடிக்கவே மாட்டார். சிம்பல் மேல் குச்சி பட்டும் படாமலும் ஓடும். தாளம் ஊஞ்சல் போல ஆடுகிறதா, நேர்கோட்டில் போகிறதா என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் பாட்டை நிறுத்தி வைத்திருப்பார். இந்தப் பாட்டைப் பிறகு வாசித்த பல பேண்டுகள் தடுக்கி விழுவது இங்கேதான். டிரம்மர் கனமாகப் போட்டுவிடுவார், பாட்டு உட்கார்ந்துவிடும்.

ஆக, முதல் பாட்டை ஒரு வாரம் தொடாதே என்று நான் சொன்னது கொஞ்சம் ஓவர்தான். தொடுங்கள். ஆனால் ட்ரம்பெட்டை விட்டுவிட்டு ஹிக்கின்ஸை மட்டும் கேளுங்கள்.

ஜனவரி 7

பாப் கிரான்ஷா பின்னாளில் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வருடக்கணக்கில் பேஸ் வாசித்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சைட்வைண்டரில் அவருக்கு ஒரு பேஸ் ஸோலோவும் உண்டு. பேஸ் ஸோலோ வந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவுகிற ஆசாமிகள் கையைக் கட்டிக்கொள்ளவும்.

ஜனவரி 8

கேள்வி: "மார்கன் சில இடங்களில் ட்ரம்பெட்டைப் பேச வைக்கிறாரே, வழுக்கிக்கொண்டு, மூக்கால் பேசுவது போல. அது என்ன?"

இது எனக்குப் பிடித்த கேள்வி. கல்லூரி நாட்களில் கடன் வாங்கிய ட்ரம்பெட் ஒன்றைக் கொஞ்ச காலம் ஊதியவன் நான். உதடு வீங்கியதைத் தவிர பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஆனால் அது எவ்வளவு பிடிவாதமான கருவி என்பது தெரிந்துபோனது. மூன்றே மூன்று வால்வு. ஒரே விரல் நிலையில் பல ஸ்வரங்கள் இருக்கும். எது வரும் என்பதை உதட்டின் இறுக்கமும் காற்றும்தான் முடிவு செய்யும். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரம் வந்தே தீரும். ட்ரம்பெட்டில் நினைத்தது வரலாம், பக்கத்து வீட்டு ஸ்வரமும் வரலாம்.

வால்வை முழுக்க அழுத்தினால் காற்று போகும் வழி ஒரு நீளம், விட்டால் ஒரு நீளம். பாதி அழுத்தினால் (இதுதான் ஹாஃப் வால்வு)? குழாயைப் பாதி திறந்து வைத்தால் தண்ணீர் சீறுமே, அப்படிக் காற்றுக்குச் சரியான வழி கிடைக்காமல் ஒலி நெரிபடும். சுருதி நிலையில்லாமல் வழுக்கும். ஒழுங்காகப் பாடம் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் இதைப் பிழை என்பார். மார்கன் இதையே தன் குரலாக வைத்துக்கொண்டார். ஒரு ஸ்வரத்தின் கீழேயிருந்து நெரித்துக்கொண்டு ஏறி, மேலே போனதும் வால்வைத் திறந்துவிட்டால் 'பளிச்' என்று வெடிக்கும். இவருக்கு முன்னால் ரெக்ஸ் ஸ்டூவர்ட் போன்றவர்கள் டியூக் எல்லிங்டன் பேண்டில் இதைச் செய்திருக்கிறார்கள். மார்கன் செய்யும்போது தெருவில் நின்று யாரையோ வம்புக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். அந்தத் திமிர் வேறு யாரிடமும் இல்லை.

இன்னொரு ட்ரம்பெட்காரர் கிளிஃபோர்ட் பிரவுனோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பிரவுன்தான் மார்கனின் ஆதர்சம், அவரிடம் நேரில் கற்றுக்கொண்டதும் உண்டு. பிரவுனின் ஒவ்வொரு ஸ்வரமும் உருண்டையாக, சுத்தமாக இருக்கும். மார்கன் அந்தச் சுத்தத்தையும் கற்றுக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் வேண்டுமென்றே அழுக்காக்கினார்.

ஜனவரி 9

"நம்ம கல்பனாஸ்வரம் மாதிரிதானே இது?"

பாதி. பல்லவிக்குத் திரும்பி வருவது, ஆள் மாறி ஆள் வாசிப்பது, தாளத்தோடு விளையாடுவது எல்லாம் சரி. ஆனால் கல்பனாஸ்வரத்தில் காலுக்குக் கீழே ராகம் நகராமல் நிற்கும். இங்கே தரை நகர்ந்துகொண்டே இருக்கும். பியானோவில் கோர்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மாறும், ஒவ்வொன்றுக்கும் இத்தனை பார் என்று கணக்கு. ஸோலோ வாசிப்பவர் அந்தந்த நேரத்தில் அந்தந்தக் கோர்டுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டுமென்றே வெளியில் இருக்க வேண்டும். தெரியாமல் வெளியில் இருந்தால் உடனே மாட்டிக்கொள்வார். இதற்கு மேல் ஒப்பிட்டால் இரண்டுக்கும் அநியாயம் செய்வோம்.

ஜனவரி 11

ஜோ ஹெண்டர்சனைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லவில்லையே. ஒஹையோவில் லைமா என்ற ஊரிலிருந்து வந்தவர். ராணுவத்தில் இருந்துவிட்டு நியூயார்க் வந்து, 1963 ஜூனில்தான் 'பேஜ் ஒன்' என்று தன் முதல் தட்டைப் பதிவு செய்திருந்தார். அதாவது சைட்வைண்டர் வாசிக்கும்போது அவர் ஏறக்குறைய புதுமுகம். மார்கன் நேராக வந்து சட்டையைப் பிடிப்பார், ஹெண்டர்சன் பக்கவாட்டில் வருவார். ஒரு சின்னத் துண்டை எடுத்து அதையே முறுக்கி, திருப்பி, தலைகீழாக்கி, கடைசியில் அது வேறொன்றாகிவிடும். தொனி கொஞ்சம் கரகரப்பு. முதல் தடவை கேட்கும்போது எனக்கு அவர் பிடிக்கவில்லை. மார்கன் முடித்ததும் யார் இந்த முணுமுணுப்பு ஆசாமி என்று நினைத்தேன். இப்போதெல்லாம் அவருக்காகத்தான் காத்திருக்கிறேன்.

இரண்டு பேரும் சேர்ந்து மெட்டை வாசிக்கும் இடங்களில் ஒன்று கவனியுங்கள். ட்ரம்பெட் பளிச்சென்று முன்னால் நிற்கும், டெனர் அதன் நிழலில் கரகரவென்று வரும். இரண்டும் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு கருவி கேட்பது போல இருக்கும். ஹார்ட் பாப்பின் கையெழுத்தே இந்தச் சேர்க்கைதான்.

ஜனவரி 12

இப்போது காசு விஷயம். தம்பியின் கேள்விக்கு நிஜமான பதில் இதில்தான் இருக்கிறது.

தட்டு 1964-ல் வெளிவந்தது. ப்ளூ நோட் சின்னக் கம்பெனி. முதலில் 4,000 பிரதிதான் போட்டார்கள், மூன்று நான்கு நாளில் தீர்ந்துபோனது என்று அந்தக் கம்பெனியின் ஆவணங்களைக் கரைத்துக் குடித்த மைக்கேல் கஸ்கூனா சொல்லியிருக்கிறார். தட்டு பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 25 வரை ஏறியது. சிங்கிளாகச் சுருக்கி வெளியிட்ட பாட்டு ஹாட் 100-லேயே 81-ஆம் இடம் வந்தது. ஒரு ஜாஸ் ட்ரம்பெட்காரருக்கு, அதுவும் பீட்டில்ஸ் அமெரிக்காவைச் சூறையாடிக்கொண்டிருந்த காலத்தில், இது நடக்காத காரியம். கிரைஸ்லர் கார் கம்பெனி அந்தப் பாட்டை அனுமதி கேட்காமலே டிவி விளம்பரத்தில் போட்டு, பிறகு பேச்சுவார்த்தையில் நிறுத்திக்கொண்ட கதையும் உண்டு.

சரி, நல்லதுதானே? கம்பெனிக்கு அவ்வளவு நல்லதாக இல்லை. சின்னக் கம்பெனிக்கு ஹிட் வந்தால் கையிலிருந்து காசு போட்டு ஆயிரக்கணக்கில் பிரதி அடிக்க வேண்டும். விநியோகஸ்தர்கள் பணத்தை நிதானமாகத்தான் தருவார்கள். 'அடுத்த சைட்வைண்டர் எங்கே?' என்று மட்டும் அவசரமாகக் கேட்பார்கள். அடுத்த சில வருடங்களில் வந்த ப்ளூ நோட் தட்டுகளை வரிசையாகக் கேளுங்கள், பல தட்டில் முதல் பாட்டு மட்டும் காலாட்ட வைக்கும் பூகலூவாக இருக்கும். மார்கனுக்கே 1965-ல் 'தி ரம்ப்ரோலர்'. அதன் தலைப்புப் பாட்டை எழுதியவர், சிக்கலான இசைக்குப் பெயர்போன பியானோக்காரர் ஆண்ட்ரூ ஹில் என்பதுதான் வேடிக்கை. அந்த மனிதருக்கும் பூகலூவுக்கும் ஏழாம் பொருத்தம். 1965-66 வாக்கில் ஆல்ஃபிரட் லயன் கம்பெனியை லிபர்ட்டி நிறுவனத்துக்கு விற்றார், 1967-ல் ஒதுங்கிவிட்டார்.

இன்னொரு சேதி. சைட்வைண்டர் பதிவாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1964 பிப்ரவரி 15, மார்கன் 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்' பதிவு செய்தார். வேய்ன் ஷார்ட்டர், கிரான்ட் கிரீன், ஹெர்பி ஹேன்காக், ரெஜி வொர்க்மன், மறுபடி ஹிக்கின்ஸ். என் கணக்கில் மார்கனின் ஆகப்பெரிய வேலை அது. சைட்வைண்டர் ஓடிக்கொண்டிருக்க, அது பெட்டியிலேயே கிடந்து 1966-ல்தான் வெளிவந்தது. தாமதத்துக்கு ஹிட்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் கடிதமோ கணக்குப் புத்தகமோ இல்லை. தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜனவரி 12, இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தால், ஹிட்டால் மார்கன் கெட்டுப்போனார் என்று நான் சொல்வது போல இருக்கிறது. அப்படி முழுக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஊருக்குத் திரும்பிப்போய் முடங்கிக் கிடந்த ஒரு மனிதர் ஒரே தட்டில் மறுபடி பெயராகிறார். அந்த வருடமே ஜாஸ் மெசஞ்சர்ஸுக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். தொடர்ந்து வருடத்துக்கு வருடம் தன் பெயரில் பதிவு செய்ய வாய்ப்பு கிடைக்கிறது. வாடகை கட்ட வேண்டியவர் அவர். இங்கே போனில் இலவசமாகக் கேட்டுக்கொண்டு 'இது வியாபாரம்' என்று முகம் சுளிப்பது எனக்குச் சுலபம்.

அதோடு, 'தி சைட்வைண்டர்' எழுதும்போது அவர் ஹிட் எழுத உட்கார்ந்தார் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. வானொலிக்கென்று எழுதுகிறவன் பத்து நிமிடத்துக்கு மேல் எழுதுவானா? சிங்கிளுக்காகப் பிறகு வெட்ட வேண்டியதாயிற்று.

ஜனவரி 15

இரண்டாம் பக்கம். கேட்காமல் இங்கே கருத்து எழுதுகிறவர்கள் தயவுசெய்து கேட்டுவிட்டு வரவும்.

'பாய், வாட் எ நைட்' மூன்றின் நடையில் துள்ளுகிற ப்ளூஸ். முதல் பாட்டில் காலைத் தட்டிப் பழகியவர்கள் இதில் அதே காலைத் தட்டினால் தடுமாறுவார்கள், நல்லது. 'ஹோக்கஸ் போக்கஸ்' பழைய 'மீன் டு மீ' பாட்டின் கோர்டுகள் மேல் புது மெட்டு கட்டியது. பீபாப் காலத்துத் தந்திரம் அது: தெரிந்த வீட்டை வாடகைக்கு எடுத்து உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது. பாரி ஹாரிஸ் இங்கே வீட்டுக்கு வந்துவிட்டார், கேட்டாலே தெரியும். முதல் பாட்டில் அடி போட்டுக் கைகட்டி இருந்தவர் இங்கே வாய் திறக்கிறார். 'கேரிஸ் நோட்புக்' எனக்கு வந்து வந்து போகும், அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

என்னுடைய ஓட்டு 'டோட்டம் போல்'. அது முதல் பக்கத்தில், ஹிட்டுக்கு அடுத்து வருவதால் பாவம், வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நின்று இருட்டில் போனது. மைனர் மெட்டு, அடியில் லத்தீன் சாயல், திடீரென்று கதவைத் திறந்துகொண்டு ஸ்விங்குக்குள் (ஊஞ்சல் போல ஆடும் ஜாஸ் நடை) போய்விட்டுத் திரும்பும். இதில்தான் மார்கன் சிரிக்காமல் வாசிக்கிறார். திமிர் இருக்கிறது, அதன் அடியில் வேறொன்றும் இருக்கிறது. பின்னால் சிடியில் இதன் மாற்று டேக் ஒன்றையும் சேர்த்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், அதே மனிதர்கள் அதே நாளில் அதே மெட்டின் மேல் வேறு வேறு வாக்கியங்கள் பேசுவது புரியும். "எல்லாம் ஒன்றுபோல" என்கிற புகாருக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஜனவரி 16

"மைல்ஸ் டேவிஸ் பெரியவரா, லீ மார்கன் பெரியவரா?" இந்தக் கேள்வியை ரஜினி, கமல் இழையில் போய்க் கேட்கவும்.

ஜனவரி 19

இசைத்தட்டு வாங்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் ஆன்லைனில் ஒரு கடையில் மறுபதிப்பு வாங்கி, அது அப்பளம் போல வளைந்து வந்து சேர்ந்தது. ஊசி மேலும் கீழும் போய்வர, மார்கன் சுருதி விலகி விலகி வாசித்தார். ஹாஃப் வால்வு உத்தி என்று கொஞ்ச நேரம் நம்பினேன். திருப்பி அனுப்பியதற்குக் கடைக்காரர், 'வெயில் காலத்தில் இப்படித்தான் சார்' என்றார். டிசம்பர் மாதம் அது.

சொல்ல வந்தது: போனில் நல்ல ஹெட்போனோடு கேட்டாலே போதும். ஸ்டீரியோவில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள். காசு மிச்சமானால் வேறு தட்டுகளைத் தேடுங்கள்.

ஜனவரி 21

"அவரை மனைவியே சுட்டுக் கொன்றாராமே, அதைப் பற்றி எழுதுங்கள்" என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். ஒரே தடவை சொல்லிவிட்டு விடுகிறேன். 1972 பிப்ரவரி 19 அதிகாலை, நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜில் ஸ்லக்ஸ் என்ற கிளப். வாசிப்பின் இடைவேளையில் ஹெலன் மோர் சுட்டார். வெளியே பனிப்புயல், ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகிவிட்டது. மார்கனுக்கு வயது 33. 1960-களின் கடைசியில் ஹெராயினிலிருந்து அவரை மீட்டு, சாப்பாடு போட்டு, மறுபடி மேடை ஏற்றியவர் அதே ஹெலன்தான். இதை 'பெண்ணால் அழிந்த கலைஞன்' என்ற வழக்கமான வசனத்துக்குள் அடைக்கிறவர்கள் 2016-ல் வந்த 'ஐ கால்ட் ஹிம் மார்கன்' ஆவணப்படத்தைப் பார்க்கவும். ஹெலனின் சொந்தக் குரலே அதில் இருக்கிறது. பார்த்த பிறகு வசனம் பேச வாய் வராது.

எனக்கு இதில் உறுத்துவது வேறொரு கணக்கு. கிளிஃபோர்ட் பிரவுன் 1956-ல் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் விபத்தில் இறந்தபோது வயது 25. மார்கன் சைட்வைண்டர் பதிவு செய்தபோதும் 25. குருவுக்கு முடிந்துபோன வயதில் சீடர் திரும்பி வந்து ஆரம்பிக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைக் கேட்டேன், பாட்டு எதுவும் சோகமாகிவிடவில்லை. பயங்கர உற்சாகமாகவே இருந்தது.

ஜனவரி 26

தம்பி திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: "இரண்டாம் பக்கத்திலிருந்து கேட்டேன். 'ஹோக்கஸ் போக்கஸ்' ரொம்பப் பிடித்தது. சுற்று எண்ண வருகிறது. 'டோட்டம் போல்' இழுவையாக இருக்கிறது. இன்னமும் முதல் பாட்டுதான் பெஸ்ட்."

இழுவையா? சரி, வாதாடி ஜெயிக்கிற விஷயமில்லை இது. ஆனால் சுற்று எண்ண வந்துவிட்டதே, இனி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

அடுத்து என்ன என்றும் கேட்டிருக்கிறார். 'ஹோக்கஸ் போக்கஸ்' பிடித்தவருக்கு 'மோனின்' தட்டு. தலைப்புப் பாட்டில் மெட்டு முடிந்ததும் முதலில் பாய்கிற ட்ரம்பெட் 20 வயது மார்கன். மெதுவாக ஒன்று வேண்டுமென்றால் 'கார்ன்பிரெட்' தட்டில் 'சியோரா', அதையும் அவரே எழுதினார். இந்த மனிதரா தெருவில் நின்று வம்புக்கு இழுத்தவர் என்று தோன்றும். அப்புறம் 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்'. தலைப்புப் பாட்டு கால் மணி நேரத்துக்கு மேல் போகும். காலாட்ட வழியில்லை, மெட்டு நடுநடுவே நின்று யோசிக்கும். இப்போதே கேட்டால் 'டோட்டம் போல்' மாதிரியே இழுவை என்று வந்து எழுதுவீர்கள், நான் மறுபடி சண்டைக்கு வர வேண்டியிருக்கும். ரெண்டு மாதம் கழித்துக் கேளுங்கள்.